தொண்டர் பணியில் தலைமை

ஊரிலே ஒரு சிரமதானம் நடைபெறுகின்றது. புதிய வாய்க்கால் ஒன்றை வெட்டுதற்கு ஐம்பது பேர் மண்வெட்டியுடன் வந்திருக்கின்றனர். எவருக்கும் கூலியில்லை. கூலியில்லாதவரிடம் கூலியைக் குறைப்பதாகச் சொல்லி அச்சுறுத்தவும் இயலாது. மனம் நொந்தவர் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வீடு திரும்பிவிடலாம். அவ்வாறிருந்தும், வாய்க்கால் எந்தத் திசையிற் செல்லவேண்டும் என்பதை யாரேனும் முடிவுசெய்யத்தான் வேண்டும். ஐம்பது பேரும் ஐம்பது திசையில் வெட்டுவாராயின் ஒரு வயலுக்கும் நீர் பாயாது. கட்டளையிடும் அதிகாரம் எவருக்கும் இல்லாத இடத்திலே முடிவெடுப்பது எங்ஙனம்?

இவ்வினா சனசமூக நிலையங்களுக்கும் கோயிற் பரிபாலன சபைகளுக்கும் புதியதன்று. ஆயினும், அண்மைக் காலத்தில் முற்றிலும் புதியதொரு துறையிலே, பல நாடுகளையும் தழுவிய பேரளவில், இது மீண்டும் எழுந்துள்ளது. கணினிக்கு வேண்டிய மென்பொருளைத் தொண்டாக எழுதும் கூட்டங்களே அத்துறைக்கு உரியவை. அவற்றின் அநுபவம் கணினியை அறியாதவர்க்கும் பயன்தருவதாகும்.

கணினி செய்யவேண்டியவற்றை ஒழுங்காக எடுத்துரைக்கும் கட்டளைத் தொகுதியே மென்பொருள். அக்கட்டளைகளை மனிதர் எழுதிய வடிவத்திலே காண்பது மூலநிரல் எனப்படும். கொம்பனிகள் பல தம் மூலநிரலை வெளியிடுவதில்லை. பக்குவத்தைச் சொல்லாது பலகாரத்தை மட்டும் விற்பது போன்றது அது. திறந்த மூல மென்பொருளிலோ பலகாரத்துடன் பக்குவமும் சேர்த்து வழங்கப்படுகின்றது. எவரும் அதனை வாசிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் வழங்கலாம்.

2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை இலங்கைக் கரைகளைத் தாக்கியபோது, இந்நாட்டின் கணினி வல்லுநர் பலர் தொண்டராக ஒன்றுகூடினர். காணாமற் போனோர், நிவாரண முகாம்கள், உதவி வழங்கும் நிறுவனங்கள் ஆகியன பற்றிய விபரங்களைப் பதிந்து ஒழுங்குபடுத்துதற்கு 'சகானா' என்னும் மென்பொருளை அவர்கள் ஆக்கினர். சிங்களத்தில் நிவாரணம் எனப் பொருள்படும் சொல் அது. மூலநிரல் திறந்திருந்தமையால், 2005ஆம் ஆண்டு பாகிஸ்தானில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது அங்கும் அது பயன்பட்டது. திறந்த மூலம் என்பதன் பயனை விளக்குதற்கு இவ்வொரு உதாரணமே போதியது.

இத்தகைய கூட்டங்களில் உழைப்போருட் சிலருக்குக் கொம்பனிகள் சம்பளம் கொடுப்பதும் உண்டு. ஆயினும் அச்சம்பளத்தைக் கொடுப்பவர் கூட்டத்தின் தலைவர் அல்லர். ஆகவே, கூட்டத்திலுள்ள எவரையும் ஏவி வேலை வாங்கும் அதிகாரம் தலைவருக்குக் கிடையாது.

இனி, இக்கூட்டங்களைப் பற்றி இரு தவறான எண்ணங்கள் நிலவுகின்றன. தலைவரே இல்லை, விரும்பியவர் விரும்பியதைச் செய்கின்றனர் என்பது ஒன்று. எல்லாவற்றையும் வாக்கெடுத்தே தீர்க்கின்றனர் என்பது மற்றொன்று. உண்மை இவ்விரண்டினுக்கும் இடைப்பட்டது.

அன்றாட முடிவுகளிற் பெரும்பாலானவற்றை வேலையைச் செய்பவரே எடுக்கின்றார். ஒருவர் ஒரு பிழையைக் கண்டு திருத்துகின்றார். மற்றொருவர் அதனைப் பார்வையிட்டு ஏற்கின்றார். அவ்வளவில் அது முடிந்துவிடுகின்றது. இணையத்தளங்களை வழங்கும் 'அப்பாச்சி' என்னும் மென்பொருளை ஆக்குதற்கு 1995ஆம் ஆண்டில் எட்டுப் பேர் கொண்ட குழு ஒன்று அமைந்தது. அக்குழுவிலிருந்து வளர்ந்த மரபு கவனிக்கத்தக்கது. ஒருவர் தாம் செய்யவிருப்பதை முன்கூட்டி அறிவிக்கின்றார். குறித்த காலத்துள், பெரும்பாலும் எழுபத்திரண்டு மணித்தியாலத்துள், எவரும் மறுத்துரையாராயின் மௌனம் சம்மதமாகக் கொள்ளப்படும். நிரலிற் செய்யப்படும் மாற்றம் ஒன்றை உரிமை பெற்ற உறுப்பினர் ஒருவரே தனித்து நின்று தடுத்துவிடலாம். ஆனால் தகுந்த தொழில்நுட்பக் காரணத்தை அவர் எடுத்துரைத்தல் வேண்டும். காரணமற்ற தடைக்கு மதிப்பில்லை. உலகின் வெவ்வேறு பாகங்களில் வாழ்வோர் ஒரே வேளையிற் கூடிப் பேச இயலாத நிலையில், இம்முறை வேலையையும் நிறுத்தாது, மாற்றுக் கருத்தையும் அடக்காது.

எனினும், காரணங்கள் இருபுறமும் வலுவாக நிற்கும் வேளைகளும் உண்டு. அப்போது இறுதிச் சொல் ஒன்று வேண்டியதாகின்றது. அதனைச் சொல்பவர் யார் என்பதிலேதான் சிக்கல் தோன்றும்.

பல கூட்டங்களில் முதலிலே அதனைச் சொன்னவர் பணியைத் தொடக்கி வைத்தவரே. இது இயல்பானது. மென்பொருளின் ஒவ்வொரு மூலையும் அவருக்குத் தெரியும். தொடக்கத்தில் அதனை முழுமையாக அறிந்தவர் அவர் ஒருவரே. ஆயினும் அவருடைய அதிகாரத்திற்கு ஓர் எல்லை உண்டு. மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருத்தலால், தலைவரின் போக்கை ஏற்காதவர்கள் அதன் பிரதியை எடுத்துக்கொண்டு தனிவழி செல்லலாம். 2010ஆம் ஆண்டில் இவ்வாறு நிகழ்ந்தது. கடிதம் எழுதுதற்கும் கணக்கு வைத்தற்கும் பயன்படும் 'ஓப்பன் ஒபிஸ்' என்னும் மென்பொருள் அவ்வாண்டிலே ஓரக்கிள் கொம்பனியின் கைக்கு மாறிற்று. அதன் எதிர்காலம் பற்றி ஐயுற்ற தொண்டர் பலர் செப்டெம்பர் மாதத்திலே பிரிந்து சென்று, 'லிப்ரே ஒபிஸ்' என்னும் புதுப் பெயரில் அதே பணியைத் தொடர்ந்தனர். அடுத்த ஆண்டு அக்கொம்பனி பழைய மென்பொருளை அப்பாச்சி நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டது. பெயருக்குரிய உரிமை கொம்பனியிடம் இருந்தது. உழைப்பவர்களோ வேறிடத்தில் இருந்தனர்.

பிரிந்துசெல்லும் இவ்வுரிமை அடிக்கடி பயன்படுத்தப்படுவதன்று. பிரிந்தால் இருபுறமும் ஆட்பலம் குறையும்; ஒரே வேலையை இருமுறை செய்ய நேரும். ஆயினும் அவ்வுரிமை இருக்கின்றது என்னும் எண்ணமே தலைவரை நிதானப்படுத்துகின்றது. இக்கூட்டங்களிற் சர்வாதிகாரி என்று பெயர் பெற்றவர்கூட உண்மையில் பிறருடைய சம்மதத்தால் ஆள்பவரே.

இதற்குச் சிறந்த சான்று 'பைதன்' என்னும் கணினி மொழியின் வரலாறு. ஒல்லாந்து நாட்டினரான கைடோ வான் றோசம் என்பவர் அம்ஸ்ரர்டாம் நகரிலுள்ள கணித, கணினி ஆய்வு நிலையத்திற் பணியாற்றிய காலத்தில், 1989ஆம் ஆண்டு டிசெம்பர் விடுமுறையிலே அதனை ஆக்கத் தொடங்கினார். 1991இல் அது வெளியிடப்பட்டது. வாசிப்பதற்கு எளிதாயிருந்தமையால் மாணவரும் விஞ்ஞானிகளும் அதனை விரும்பி ஏற்றனர். 1995ஆம் ஆண்டில் அவருடைய தோழர்கள், 'வாழ்நாள் முழுவதற்குமான நல்லெண்ணச் சர்வாதிகாரி' என்னும் பட்டத்தை வேடிக்கையாக அவருக்குச் சூட்டினர். வேடிக்கையாகச் சூட்டப்பட்டது காலப்போக்கில் உண்மைப் பதவியாகவே ஆயிற்று. 2000ஆம் ஆண்டு முதல், மொழியில் மாற்றம் வேண்டுவோர் தம் கருத்தைக் காரணங்களுடன் எழுதி, இலக்கமிட்ட பிரேரணையாகச் சமர்ப்பிக்கும் முறை ஏற்பட்டது. எவரும் பேசலாம், எவரும் எதிர்க்கலாம், முடிவில் ஏற்பதும் தள்ளுவதும் அவருடைய பொறுப்பு.

2018ஆம் ஆண்டில் 572ஆம் இலக்கப் பிரேரணை விவாதத்திற்கு வந்தது. விடயம் சிறியது. ஒரு கணக்கின் நடுவிலே கிடைக்கும் விடைக்கு அவ்விடத்திலேயே பெயரிட்டு, அப்பெயரைப் பின்னர் பயன்படுத்த இடமளிக்கலாமா என்பதே வினா. ஒரே கணக்கை இருமுறை செய்யும் வீண்வேலை இதனால் ஒழியும் என்றனர் ஆதரித்தோர். மொழியின் எளிமை கெடும், ஒரு செயலைச் செய்ய இருவேறு வழிகள் ஏற்பட்டு மாணவர் மயங்குவர் என்றனர் எதிர்த்தோர். இருதரப்பிலும் நியாயம் இருந்தது. ஆனால் விவாதம் மாதக்கணக்காக நீண்டு, மடல்கள் மலையாகக் குவிந்து, சொற்களிற் கடுமையும் ஏறிற்று.

வான் றோசம் அப்பிரேரணையை ஏற்றார். சில நாட்களின் பின், யூலை 12ஆந் திகதி, தோழர்களுக்கு ஒரு மடல் எழுதித் தமது பொறுப்பிலிருந்து நீங்கினார். ஒரு பிரேரணைக்காக இவ்வளவு போராடி, அதன் பின்னும் பலருடைய வெறுப்புக்கு ஆளாகும் நிலையைத் தாம் மீண்டும் விரும்பவில்லை என்பது அம்மடலின் சாரம். தமக்குப் பின் வருபவரைத் தாம் நியமிக்கப்போவதில்லை என்றும் அவர் கூறினார். அன்றாட வேலைகள் பற்றி அவர் கவலை கொள்ளவில்லை. பிரேரணைகளை யார் தீர்ப்பது, புதிய உறுப்பினரை எவ்வாறு சேர்ப்பது என்னும் இரண்டையுமே முக்கிய வினாக்களாகக் குறிப்பிட்டு, விடைகாணும் பொறுப்பைக் கூட்டத்தாரிடமே விட்டார்.

இந்நிகழ்ச்சியிற் சிந்தித்தற்குரியது ஒன்றுண்டு. அவர் தோல்வியுற்று விலகவில்லை. வெற்றி பெற்ற பின்பே விலகினார். தீர்ப்பு அவருடையதாகவே இருந்தது. ஆயினும் தீர்ப்பின் பாரம் முழுவதும் ஒரு மனிதர் தலையிலே விழுந்தமையால், முடிவை வெறுத்தவர்கள் முடிவெடுத்தவரையும் வெறுக்க நேர்ந்தது. ஒருவர் கையில் எல்லா அதிகாரமும் இருத்தல் மற்றவர்க்கு மட்டுமன்றி அவருக்கும் தீங்காகின்றது.

அதன்பின் நிகழ்ந்தவை முறையாக நிகழ்ந்தன. முதலில், முடிவெடுக்கும் முறையை எம்முறையால் முடிவு செய்வது என்பதையே அவர்கள் தீர்க்க வேண்டியதாயிற்று. ஏழு ஆட்சித் திட்டங்கள் எழுதி முன்வைக்கப்பட்டன. மீண்டும் ஒரு தனித்தலைவரே வேண்டுமென்றது ஒன்று. மூவர் குழு வேண்டுமென்றது ஒன்று. கூட்டத்திற்கு வெளியேயுள்ளவர் தீர்ப்பளிக்கட்டும் என்றது மற்றொன்று. 2018 டிசெம்பரில் உறுப்பினர் வாக்களித்தனர். ஒன்றை மட்டும் தெரிவு செய்யாது, எல்லாத் திட்டங்களையும் தம் விருப்பத்தின் வரிசைப்படி அடுக்கி அவர்கள் வாக்கிட்டனர். பின்னர் ஒவ்வொரு திட்டமும் மற்ற ஒவ்வொன்றுடனும் தனித்தனி ஒப்பிடப்பட்டது. இம்முறையில், சிலருடைய தீவிர ஆதரவை மட்டும் பெற்ற திட்டத்திலும் பலரும் இசையத்தக்க திட்டமே வெல்லுதற்கு வாய்ப்பு மிகுதி.

வென்றது ஐவர் கொண்ட வழிநடத்தும் சபைத் திட்டம். அதன் யாப்பிலுள்ள விதிகள் சில மிக்க முன்யோசனையுடன் அமைந்தவை. ஒரே கொம்பனியிற் சம்பளம் பெறுவோர் இருவருக்கு மேல் சபையில் இருத்தலாகாது. பணபலம் உள்ள நிறுவனம் ஒன்று சபையைக் கைப்பற்றாதிருத்தற்கு இது காப்பு. உறுப்பினரில் வாக்களிப்போருள் மூன்றில் இரு பங்கினர் நம்பிக்கையில்லாப் பிரேரணையை நிறைவேற்றினால் சபையையோ அதன் அங்கத்தவர் ஒருவரையோ நீக்கலாம். சபைக்குப் பரந்த அதிகாரம் உண்டு. ஆனால் அதனை இயன்றவரை குறைவாகவே பயன்படுத்த வேண்டும், பிரேரணை ஒவ்வொன்றையும் தானே தீர்ப்பதினும் தீர்க்கும் வழியை வகுப்பதே நன்று என்று அந்த யாப்பே அறிவுறுத்துகின்றது. 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடந்த முதல் தேர்தலில் வான் றோசமும் ஐவருள் ஒருவராகத் தெரிவானார். அவ்வாண்டின் இறுதியில் நடந்த அடுத்த தேர்தலிலிருந்து அவர் தாமாகவே விலகிக்கொண்டார். அவ்விலகலாற் குழப்பம் விளையவில்லை.

பைதன் கூட்டத்தார் நெருக்கடியின் பின் கண்ட வழியை, இரு பதிற்றாண்டுகளுக்கு முன்னரே கண்டவர்கள் 'டெபியன்' கூட்டத்தார். ஒரு கணினி இயங்குதற்கு வேண்டிய மென்பொருள் அனைத்தையும் திரட்டி ஒழுங்குபடுத்தி இலவசமாக வழங்குவது இவர்களுடைய பணி. இயன் மேர்டொக் என்னும் அமெரிக்க இளைஞர் 1993ஆம் ஆண்டில் இதனைத் தொடக்கி, 1996இல் தலைமையை விட்டு நீங்கினார். 1998 டிசெம்பரில் ஓர் எழுத்து யாப்பு நிறைவேற்றப்பட்டது. அதன்படி தலைவர் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படுகின்றார். வேட்பாளர் எவரும் வேண்டாம் என்று வாக்களித்தற்கும் வாக்குச்சீட்டில் இடமுண்டு.

அந்த யாப்பின் விதியொன்று தொண்டர் பணி பற்றிய உண்மையை வெளிப்படையாக ஒப்புக்கொள்கின்றது. இவ்யாப்பிலுள்ள எதுவும் எவரையும் வேலை செய்யும்படி கட்டாயப்படுத்தாது. தமக்கு ஒப்படைக்கப்பட்ட வேலையை ஒருவர் செய்யாது விடலாம். ஆனால் கூட்டத்தின் முடிவுகளுக்கு எதிராக முனைந்து வேலை செய்தல் ஆகாது என்பதே அதன் கருத்து. தலைவர் பிரதிநிதிகளை நியமிக்கலாம். ஆனால் பிரதிநிதி எடுத்த முடிவை அவர் மாற்ற முடியாது. பிரதிநிதியின் முடிவையும் தலைவரின் முடிவையும் உறுப்பினர் அனைவரும் கூடி வாக்கெடுப்பினால் மாற்றலாம். இவ்வாறு அதிகாரம் பகுக்கப்பட்டிருத்தலால், தலைவர் மாறும்போது வேலை நின்றுவிடுவதில்லை.

யாப்பு இருந்தால் பிணக்கே தோன்றாது என்பது இதன் பொருளன்று. 2014ஆம் ஆண்டில் டெபியன் கூட்டம் பெரும் பிளவைக் கண்டது. கணினியை முடுக்கியவுடன் மற்றைய மென்பொருள்களை வரிசையாக எழுப்பும் பொறுப்பை எதற்கு அளிப்பது என்பது பிணக்கு. தொழில்நுட்பக் குழுவின் எண்மரும் இரு பாதியாகப் பிரிந்தனர். பெப்ருவரியில் தவிசாளரின் தீர்மான வாக்கினாலேயே 'சிஸ்டம்-டி' என்னும் மென்பொருள் தெரிவாயிற்று. நவம்பரில் உறுப்பினர் அனைவரும் அதனோடு தொடர்புடைய பிரேரணை ஒன்றில் வாக்களித்தபோது, இதற்குப் பொதுத் தீர்மானம் எதுவும் தேவையில்லை என்னும் விடையே வென்றது. நீண்ட வாதத்தால் மனம் சலித்துச் சிலர் பதவி துறந்தனர். வேறு சிலர் பிரிந்து சென்று 'டெவுவான்' என்னும் தனிப்பணியைத் தொடங்கினர். எனினும் டெபியன் குலையவில்லை. தோற்றவர்கள் முடிவை விரும்பாதபோதும், அது யாவருக்கும் முன்னரே தெரிந்த விதிப்படி எடுக்கப்பட்டதென்பதை அறிந்திருந்தனர்.

இவையெல்லாம் பெரிய கூட்டங்களின் கதை. ஆனால் உலகம் நம்பியிருக்கும் திறந்த மூல மென்பொருள்களிற் பல, ஒருவரோ இருவரோ பராமரிப்பவை. அவ்விடத்தில் யாப்புமில்லை, சபையுமில்லை. 2024 மார்ச் மாதத்தில் நிகழ்ந்தது அதன் ஆபத்தைக் காட்டிற்று. தரவுகளைச் சுருக்கிச் சேமித்தற்குரிய 'எக்ஸ்-இசட்' என்னும் மென்பொருளைத் தொண்டர் ஒருவர் பல்லாண்டுகள் தனித்துப் பராமரித்து வந்தார். வேலை தாமதமாகின்றது, பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைக்கலாமே என்று முகமறியாத சிலர் 2022ஆம் ஆண்டில் மடல்கள் எழுதி அவரை நெருக்கினர். இது ஊதியமற்ற ஓய்வுநேரப் பணி என்று அவர் நினைவூட்டினார். அதே காலத்தில் புனைபெயர் கொண்ட ஒருவர் நல்ல உதவியாளர் போல் நடந்து நம்பிக்கையைத் தேடி, மெல்ல மெல்லப் பொறுப்பைப் பெற்றார். ஈற்றில், தொலைவிலிருந்து பிறர் கணினிகளுட் புகுதற்குரிய இரகசிய வழியொன்றை அம்மென்பொருளில் ஒளித்து வைத்தார்.

வேறொரு வேலையில் ஈடுபட்டிருந்த பொறியியலாளர் ஒருவர், கணினியுள் நுழைதற்கு வழமையினும் ஏறத்தாழ அரை விநாடி மிகுதியாவதைக் கண்டு காரணத்தைத் தேடினார். அத்தேடலினால் உண்மை வெளிப்பட்டது. டெபியன் உட்படச் சில தொகுதிகளின் பரிசோதனைப் பதிப்புகளை அது அடைந்திருந்தது. பெருந்தொகையானோர் பயன்படுத்தும் நிலையான பதிப்புகளை அடையுமுன் தடுக்கப்பட்டது. இங்கே பலவீனமாயிருந்தது நிரலன்று; சோர்ந்த மனிதர் ஒருவர் பொறுப்பை முறைப்படி கைமாற்றுதற்கு வழியில்லாமையே. பொறுப்பைப் பகிர்ந்துகொள்ள நம்பத்தகுந்த தோழர் சிலர் அருகில் இருந்திருப்பின், வஞ்சகர் நுழைதற்கு அவ்வளவு எளிதாக இடம் வாய்த்திராது.

இவ்வரலாறுகளிலிருந்து பெறப்படுவது யாது? தொண்டர் பணியில் தலைவர் எவரையும் ஏவ இயலாது. இணங்கச் செய்யவே இயலும். அவ்விணக்கம் அவருடைய ஆற்றலினாலும் நல்லெண்ணத்தினாலும் தொடக்கத்திற் கிடைக்கின்றது. ஆனால் ஆற்றலும் நல்லெண்ணமும் என்றும் தாங்கும் தூண்களல்ல. மனிதர் களைப்படைவர், மூப்படைவர், விலகிச் செல்வர். ஆகவே அவர் பதவியில் உறுதியாயிருக்கும் காலத்திலேயே, தாம் இல்லாதபோதும் முடிவுகள் எடுக்கப்படுதற்குரிய வழியை எழுத்தில் வகுத்துவைத்தல் வேண்டும். அவ்வழி, தோற்றவரும் மறுநாள் வேலைக்குத் திரும்பத்தக்கதாக அமைதல் வேண்டும். வென்றவர் எப்படியும் வருவர். தோற்றவர் திரும்பி வருகின்றாரா என்பதே ஒரு முறையின் நேர்மைக்கு உரைகல்.

சிரமதானத்திற்கும் இது பொருந்தும். வாய்க்கால் கிழக்கே செல்வதா மேற்கே செல்வதா என்பதில் ஒருவர் கருத்துத் தோற்கலாம். தம் சொல் செவிமடுக்கப்பட்டது, விதி யாவருக்கும் ஒன்றாகவே இருந்தது என்று அவர் உணர்வாராயின், அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் மண்வெட்டியுடன் வருவார்.